இறக்கை நிறத்தை நம்பலாமா? வண்ணத்துப்பூச்சி கேள்வி-பதில்

சென்ற இதழில் வந்த பட்டாம்பூச்சிக் கட்டுரையைத் தொடர்ந்து வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வண்ணத்துப்பூச்சிக் குடும்பங்கள் ஆறு என்று சொல்லிக்கொடுத்தேன். பள்ளித் தோட்டத்துக்கு அழைத்துப் போனால் “மஞ்சள் பூச்சி, கறுப்புப் பூச்சி” என்பதோடு நின்றுவிடுகிறார்கள். வலை வீசிப் பிடிக்காமல் குடும்பத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஆசிரியை, அணைக்கட்டு

உண்டு. நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு உணர்கொம்பு, கால், உட்காரும் விதம் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன. அத்தனையும் இந்த ஆறு குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். குடும்பம் தெரிந்தால் இனத்தைத் தேடும் வேலை வெகுவாகக் குறையும்.

முதலில் தலை. இரண்டு உணர்கொம்புகளும் ஒன்றுக்கொன்று நன்றாக விலகி முளைத்து, நுனி கொக்கிபோல வெளிப்பக்கம் வளைந்திருந்தால் அது ஸ்கிப்பர் எனப்படும் துள்ளிகளின் குடும்பம், ஹெஸ்பெரிடே. தடித்த உடம்பு, அகன்ற தலை, விருட்டென்று பாய்ந்து இடம் மாறும் பறப்பு எல்லாம் சேர்ந்தே இருக்கும். புல்லில் வளரும் துள்ளிகள் வெயில் காயும்போது பின்னிறகுகளைத் தட்டையாக விரித்து, முன்னிறகுகளை மட்டும் பாதி தூக்கி வைத்துக்கொள்ளும். வேறு எந்தக் குடும்பமும் இப்படி உட்காராது.

கொக்கி இல்லையா, காலை எண்ணுங்கள். நான்கு கால்களில் நின்றால் நிம்ஃபாலிடே. வேலூர்ப் பக்கம் கண்ணில் படுபவற்றில் பெரும்பங்கு இந்தக் குடும்பம்தான்: எருக்கம் பூவில் உட்காரும் வெந்தய வரியன், அரளியைச் சுற்றும் வெண்புள்ளிக் கருப்பன், தரையோடு வெயில் காயும் பான்சிகள், ஆமணக்குச் செடியை விட்டு நகராத காஸ்டர்கள். முன்னங்கால் இரண்டும் குட்டையாகி, மயிர் அடர்ந்து, மார்போடு மடங்கிக் கிடக்கும். அவை வீணான கால்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முட்டையிட வந்த பெண் பூச்சி அந்தக் குட்டைக் கால்களால் இலையைத் தட்டித்தட்டிச் சுவை பார்த்து, தன் புழுவுக்கு ஏற்ற செடிதானா என்று உறுதி செய்துகொள்கிறது. இலை மேல் படபடவென்று தட்டும் பூச்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஆறு கால் தெரிந்தால் அடுத்து வயிற்றைப் பாருங்கள். இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும்போதும் வயிறு பக்கவாட்டில் முழுசாகத் தெரிகிறதா? பின்னிறகின் உள்விளிம்பு உட்குழிந்து வெட்டப்பட்டிருந்தால்தான் அப்படித் தெரியும். அது பாப்பிலியோனிடே, அழகிகள் என்று நாம் சொல்லும் பெரிய பூச்சிகள். தேன் குடிக்கும்போதும் முன்னிறகு நடுங்கிக்கொண்டே இருப்பது இவற்றின் இன்னொரு அடையாளம். அதற்கு மாறாக, பின்னிறகின் உள்விளிம்பு பள்ளமாக மடங்கி வயிற்றை அணைத்துக்கொண்டு, பூச்சி நடுத்தர அளவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் பியரிடே. இந்தக் குடும்பத்தில் கால் நகம் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்திருக்கும் என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். சரியான தகவல்தான், ஆனால் உருப்பெருக்கி இல்லாமல் தெரியாது. வகுப்புக்கு அதை விட்டுவிடலாம்.

கட்டைவிரல் நகம் அளவுப் பூச்சி, உணர்கொம்பில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள், கண்ணைச் சுற்றி வெள்ளை விளிம்பு என்றால் லைசினிடே, நீலன்களின் குடும்பம். மீதி இருப்பது ரியோடினிடே. அதைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

பிள்ளைகள் தடுமாறும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். பின்னிறகில் வால் இருந்தால் அழகி, இல்லையென்றால் அழகி அல்ல என்று முடிவு கட்டக் கூடாது. எலுமிச்சை அழகிக்கும் புளூ மார்மனுக்கும் வால் கிடையாது. நிம்ஃபாலிடேவைச் சேர்ந்த பிளாக் ராஜாவுக்கு வால் உண்டு. நீலன்கள் பலவற்றுக்கு மயிரிழை போன்ற வால் உண்டு. கால் எண்ணும்போது ஒரே படத்தை நம்பவும் வேண்டாம். ஆறு கால் பூச்சியும் ஒரு காலைத் தூக்கி வைத்திருக்கும், இதழ் மறைக்கும். வேறு வேறு கோணத்தில் மூன்று படம் எடுத்தால் சந்தேகம் தீரும். சின்னதாகப் பழுப்பு நிறத்தில் புல்லோடு பறக்கும் ரிங் வகைகளை நீலன் என்று எழுதிவிடுவதும் வழக்கம். இறக்கையில் மஞ்சள் வளையமிட்ட கண்புள்ளியும் நான்கு காலும் தெரிந்தால் அது நிம்ஃபாலிடே.

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று முட்டை வைத்தது. பின்னிறகில் சிவப்புப் புள்ளிகள். இணையத்தில் தேடினால் கிரிம்சன் ரோஸ் என்று வருகிறது. ஆனால் அது கறிவேப்பிலைக்கு வராது என்றும் போட்டிருக்கிறார்கள். எது சரி?
– இல்லத்தரசி, குடியாத்தம்

இரண்டாவதுதான் சரி. நீங்கள் பார்த்தது காமன் மார்மனின் பெண். கறிவேப்பிலையில் முட்டை வைத்ததே போதுமான சாட்சி.

காமன் மார்மன் பெண்ணுக்கு மூன்று உருவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே கறுப்பாக, பின்னிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு இருக்கும். இரண்டாவது காமன் ரோஸைப் போல பின்னிறகின் நடுவில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளும் கொண்டிருக்கும். மூன்றாவது, உங்கள் வீட்டுக்கு வந்தது, கிரிம்சன் ரோஸின் நகல். ரோஸ் வகைகளின் புழு ஆடுதின்னாப்பாளையையும் ஈஸ்வரமூலியையும் தின்று அவற்றின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைக்கிறது. அந்த நஞ்சு வளர்ந்த பூச்சியிலும் தங்கிவிடும். ஒரு முறை தின்று பார்த்த பறவை மறுமுறை அந்த நிறத்தைத் தொடாது. நஞ்சே இல்லாத மார்மன் பெண் அதே நிறத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. இந்த உருவ மாற்றத்தை ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணு கட்டுப்படுத்துகிறது என்று 2014இல் கண்டறிந்தார்கள்.

இறக்கையை வைத்து இரண்டையும் பிரிப்பது சிரமம். உடம்பைப் பாருங்கள். ரோஸ் என்றால் தலையிலும் வயிற்றிலும் பளிச்சென்று சிவப்பு இருக்கும். மார்மன் என்றால் உடம்பு முழுக்கக் கறுப்பு. பறக்கும்போதும் வித்தியாசம் தெரியும்: ரோஸ் யாருக்கும் பயமில்லாததுபோல நிதானமாகப் போகும், மார்மனை விரட்டினால் நகல் வேஷத்தை மறந்து வேகமெடுக்கும்.

புழுவில் குழப்பமே வராது. மார்மன் புழு இளசாக இருக்கையில் பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாகவும், கடைசிப் பருவத்தில் பச்சையாகவும் இருக்கும். ரோஸ் புழு கருஞ்சிவப்பாக, உடம்பெல்லாம் சதை முளைகளோடு இருக்கும். நடுவில் வெள்ளைப் பட்டை இருந்தால் காமன் ரோஸ், இல்லையென்றால் கிரிம்சன் ரோஸ். எதைச் சீண்டினாலும் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிரிந்த கொம்பு ஒன்று நீண்டு நெடி வீசும். அந்தக் கொம்பு அழகிகள் குடும்பத்துக்கே உரியது.

கறிவேப்பிலையைக் காப்பாற்ற மருந்து அடிக்க வேண்டாம், அந்த இலையைத்தானே தாளிக்கிறோம். ஆள் உயர மரமென்றால் நாலைந்து புழுக்கள் தின்பது கணக்கிலேயே வராது. ஒரு முழம்கூட வளராத கன்றுதான் மொட்டையாகும். அதற்குக் கொசுவலைத் துணியைச் சுற்றிக் கட்டி, ஏற்கெனவே உள்ள புழுக்களை எடுத்து எலுமிச்சையிலோ நாரத்தையிலோ விட்டுவிடுங்கள், அதையும் தின்னும்.

தமிழ் மறவன் வேலூரில் உண்டா? எங்கள் கொல்லையில் ஆரஞ்சு நிறப் பூச்சி தினமும் வருகிறது.
– வாசகர், காட்பாடி

2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுப் பூச்சி. புழுவுக்கு மரவெட்டி மரம் வேண்டும். காட்பாடிக் கொல்லையில் வருவது அநேகமாக டானி கோஸ்டர் அல்லது வெந்தய வரியன். பின்னிறகு ஓரத்தில் கறுப்புப் பட்டை, அதற்குள் வெள்ளைப் புள்ளிகள், சோம்பலான பறப்பு என்றால் டானி கோஸ்டர். பக்கத்தில் சிறுபூனைக்காலிக் கொடி படர்ந்திருக்கிறதா பாருங்கள்.

வெந்தய வரியன் என்று நான் எடுத்த படத்தை நண்பர் ஒருவர் “இது வேறு பூச்சி” என்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது.
– கல்லூரி மாணவர், வாலாஜா

நண்பர் சொன்னது சரி. படத்தில் இருப்பது டானாய்ட் எக்ஃப்ளையின் பெண். இதுவும் மேலே சொன்ன நகல் வித்தைதான். எருக்கம்பால் குடித்து வளர்ந்த வெந்தய வரியனைப் பறவைகள் விலக்குவதால், பருப்புக்கீரையில் வளரும் எக்ஃப்ளை பெண் அதன் உடையை மாட்டிக்கொள்கிறது. ஆண் எக்ஃப்ளைக்கு இந்த வேஷம் கிடையாது. அது கறுப்பு, இறக்கையில் ஊதா விளிம்பிட்ட பெரிய வெள்ளை வட்டங்கள்.

பின்னிறகின் நடுப்பகுதியில் உள்ள கறுப்புப் புள்ளிகளை எண்ணினால் போதும். வெந்தய வரியனில் பெண்ணுக்கு மூன்று, ஆணுக்கு நான்கு. அந்த நான்காவது, ஆணின் வாசனைப் பை. எக்ஃப்ளை பெண்ணுக்கோ மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி. உங்கள் படத்தில் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவது சாட்சி வேண்டுமென்றால் மார்பைப் பாருங்கள்: வரியனின் தலையும் மார்பும் கறுப்பு, அதன்மேல் வெள்ளைப் பொட்டுகள். எக்ஃப்ளைக்கு அந்தப் பொட்டு அலங்காரம் இல்லை. இரண்டும் நிம்ஃபாலிடே குடும்பம்தான் என்பதால் கால் எண்ணி இங்கே பயனில்லை.

பாலமதி மலைச் சரிவில் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் நிறைய. எல்லாம் ஒரே இனமா?
– வேலூர் வாசகர்கள் இருவர்

இருக்க முடியாது. புதர்க்காட்டுச் சரிவு பியரிடே குடும்பத்துக்கு ஏற்ற இடம். ஆதொண்டை, விழுதி, பூமிச்சர்க்கரை என்று அதன் புழுக்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கின்றன. மேல்பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் வெள்ளைதான். அடிப்பக்கத்தைப் பிடியுங்கள்.

நிற்காமல், உயரமாக, வேகமாகப் போகிற வெளிர்மஞ்சள் கலந்த பெரிய வெள்ளை காமன் எமிக்ரன்ட். கொன்றை மரத்துக்கு அருகில் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். தரையோடு தள்ளாடிப் பறக்கும் சின்ன வெள்ளை, முன்னிறகில் ஒரு கறுப்புப் பொட்டு என்றால் சைக்கி. முன்னிறகின் நுனி மட்டும் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருப்பவை டிப் வகைகள், பாலமதி போன்ற வறண்ட புதர்க்காட்டின் நிஜக் குடிமக்கள் என்று இவற்றைத்தான் சொல்வோம். நிறைய பேர் குழம்புவது காமன் கல்லும் (Gull) பயனியரும். இரண்டிலும் இறக்கை நரம்புகள் கறுத்திருக்கும். பயனியருக்கு முன்னிறகின் மேல் விளிம்பிலிருந்து நடுவுக்கு வளைந்து இறங்கும் தடித்த கறுப்புக் கோடு ஒன்று உண்டு. காமன் கல்லுக்கு அது இல்லை.

இந்தக் குடும்பத்தில் இன்னொன்றைக் குடியாத்தம், பேர்ணாம்பட்டு மாந்தோப்புக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். இறக்கையை மூடினால் அடிப்பக்கம் மஞ்சள், ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள் கொண்ட காமன் ஜெசபெல் மாமரத்தைச் சுற்றுவது மாவிலைக்காக அல்ல, அதில் ஒட்டிய புல்லுருவிக்காக. கொத்தாக முட்டை வைக்கும், புழுக்கள் கூட்டமாகப் புல்லுருவி இலையைத் தின்னும். மரத்துக்குத் துளி நட்டமில்லை. ஆனால் புல்லுருவியை இவை ஒழித்துவிடும் என்று காத்திருக்காதீர்கள், அது திரும்பத் தழைக்கும். ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்டுவதுதான் வழி.

நெல் வயலில் இலை மடிந்து, உள்ளே பச்சைப் புழு. இலைச்சுருட்டுப் புழு என்று நினைத்து மருந்து வாங்கிவிட்டேன். பக்கத்து நிலத்துக்காரர் இது பட்டாம்பூச்சிப் புழு என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?
– விவசாயி, கணியம்பாடி

மருந்து டப்பாவைத் திறக்கும் முன் இலையைப் பிரித்துப் பாருங்கள். இலைச்சுருட்டுப் புழு அந்துப்பூச்சியின் புழு. மடிப்புக்குள் இருந்துகொண்டு பச்சையத்தை மட்டும் சுரண்டும், அதனால் இலையில் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள் விழும், முற்றினால் வயலே வெளுத்துத் தெரியும். தொட்டால் புழு துடித்து நெளிந்து கீழே விழும்.

துள்ளிப் புழு இலையின் ஓரத்திலிருந்து நடுநரம்பு வரை கடித்துத் தின்னும். வெள்ளைக் கோடு இருக்காது, இலையே காணாமல் போயிருக்கும். புழு மஞ்சள் கலந்த பச்சை, தலை பெரிது, தலைக்குப் பின்னால் கழுத்து இறுகியதுபோல ஒடுக்கம். தலையில் சிவந்த ‘வி’ வடிவக் குறி இருந்தால் அது நெல்லுக்கு வழக்கமாக வரும் ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட். கழுத்து ஒடுங்கிய பெருந்தலைப் புழு எந்தச் செடியில் இருந்தாலும் துள்ளிக் குடும்பம் என்று முதலில் நினைக்கலாம்.

துள்ளிப் புழுவுக்காக நெல்லுக்கு மருந்து அடிக்க வேண்டிய நிலை அபூர்வம். இலைச்சுருட்டுப் புழுவாகவே இருந்தாலும் வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைகளும், பூக்கும் பருவத்தில் கதிரை ஒட்டிய கண்ணாடி இலைகளில் 5 சதவீதமும் தாக்கப்பட்ட பிறகுதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். வரப்போரம் மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் வயலுக்குள் இறங்கி எண்ணுங்கள். மரநிழல் விழும் ஓரங்களில் இலைச்சுருட்டு எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

சாலையோரப் புங்க மரங்களில் இளந்தளிர் முழுக்கத் தின்னப்பட்டிருப்பதைப் பற்றி ஆற்காட்டு வாசகர் கேட்டிருந்தார். அதுவும் ஒரு துள்ளிதான், காமன் பேண்டட் ஆல். விடியலிலும் அந்தியிலும் பறப்பதால் பூச்சி கண்ணில் படாது, சேதம் மட்டும் தெரியும். மரம் மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.

ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்துக்கு வந்து சுவரில் ஒட்டும் பழுப்புப் பூச்சி விட்டிலா, பட்டாம்பூச்சியா?
– வாசகி, ஆரணி

நீங்கள் அனுப்பிய படத்தில் உணர்கொம்பு நுனி குமிழ்போலத் தடித்திருக்கிறது, ஆகவே பட்டாம்பூச்சி. விட்டிலுக்கு அது நூலாகவோ இறகாகவோ இருக்கும். உங்கள் விருந்தாளி காமன் ஈவினிங் பிரௌன், நிம்ஃபாலிடே. அந்தியில் பறக்கும், புழுவுக்கு நெல்லும் புல்லும் உணவு. மழைக்காலத்தில் பிறப்பதற்கு அடிப்பக்கம் கண்புள்ளிகள் இருக்கும். கோடையில் பிறப்பது காய்ந்த சருகு நிறம், கண்புள்ளி மங்கிவிடும். இரண்டையும் இரண்டு இனம் என்று குறித்து வைத்திருந்தால் குறிப்பிலிருந்து ஒன்றை நீக்கிவிடுங்கள்.

இணைப்பில் உள்ள குட்டிப் பூச்சிக்கு இரண்டு பக்கமும் தலை! இலந்தைச் செடியில் இன்னொரு படத்தில் புழுவை எறும்புகள் மொய்க்கின்றன. புழுவைத் தின்கின்றனவா?
– பத்தாம் வகுப்பு மாணவி, ஒடுகத்தூர்

இரண்டுமே லைசினிடே குடும்பத்தின் தந்திரம். பின்னிறகின் கோடியில் ஒரு கண்புள்ளி, அதிலிருந்து உணர்கொம்பு போன்ற இரண்டு மெல்லிய வால்கள். உட்கார்ந்ததும் பின்னிறகுகளை மேலும் கீழுமாகத் தேய்த்து அந்த வால்களை ஆட்டும். ஓணானோ குருவியோ அதைத் தலை என்று நினைத்துக் கொத்தினால் இறக்கையில் ஒரு துண்டு போகும், உயிர் தப்பும். பின்னிறகின் மூலை மட்டும் கிழிந்த நீலன்களைத் தேடிப் பாருங்கள், ஏராளமாகக் கிடைக்கும்.

எறும்புகள் தின்னவில்லை, குடிக்கின்றன. இந்தக் குடும்பத்துப் புழுக்கள் பலவற்றின் முதுகில், வாலுக்கு அருகே, இனிப்பான திரவம் சுரக்கும் சுரப்பி உண்டு. அதற்குக் கூலியாக எறும்புகள் ஒட்டுண்ணிக் குளவிகளை அண்டவிடாமல் காவல் காக்கின்றன. தட்டையாக, தலை உள்ளே மறைந்து, கால் தெரியாமல் ஊர்கிற புழுவைப் பார்த்தாலே லைசினிடே என்று எழுதலாம். இலந்தையில் இருப்பதால் அது காமன் பியரோவாக இருக்க நல்ல வாய்ப்பு. வெள்ளை இறக்கையில் கறுப்புப் பொட்டுகளோடு வெளிவந்தால் எங்களுக்கும் படம் அனுப்பு.

இந்தக் குடும்பத்தில் எல்லாமே சாதுவும் அல்ல. மாதுளை, கொய்யாக் காய்களைத் துளைத்து உள்ளே விதையைத் தின்னும் புழு காமன் குவாவா புளூ என்ற நீலனுடையது. காயின் ஓட்டையில் எச்சம் தள்ளி நாற்றமடித்தால் அந்தக் காயைப் பறித்து அழிக்க வேண்டும். பிஞ்சிலேயே துணியோ காகிதப் பையோ கட்டுவதுதான் வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமான தடுப்பு. ஏப்ஃப்ளை என்ற மற்றொன்றின் புழுவோ மாவுப்பூச்சியைப் பிடித்துத் தின்னும். செம்பருத்தியில் மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் வெள்ளை மாவு பூசிய புழு நகர்ந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள்.

ஆறாவது குடும்பமான ரியோடினிடேவை நான் பார்த்ததே இல்லை.
– வாசகர், சத்துவாச்சாரி

ஊருக்குள் பார்க்க முடியாது. நம் பக்கத்தில் இந்தக் குடும்பத்துக்கு இருப்பவை ஜூடி வகைகள்தான், அவையும் நிழல் விழும் மலைக்காட்டில். வாய்விடங்கக் கொடி இருக்கும் இடத்தில் தேட வேண்டும். இலையில் இறங்கியதும் பாதி விரித்த இறக்கையோடு சுற்றிச் சுற்றித் திரும்பும். ஆணுக்கு நான்கு கால், பெண்ணுக்கு ஆறு. கால் எண்ணும் விதி குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில், அமிர்தி போகும் வழியில், ஐப்பசி மழைக்கு நடுவே நூற்றுக்கணக்கில் கரும்பூச்சிகள் ஒரே திசையில் சாலையைக் கடந்தன. என்ன நடக்கிறது?
– ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

வலசை. வரியன்களும் (டைகர்) கருப்பன்களும் (க்ரோ) சேர்ந்த கூட்டம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் கிழக்கு மலைத்தொடர்ப் பகுதிகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கிப் போகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மறுதிசையில் கிழக்கே வரும். கூட்டத்தில் நான்கு இனங்களைத் தேடுங்கள்: புளூ டைகர், டார்க் புளூ டைகர், வெண்புள்ளிக் கருப்பன், டபுள் பிராண்டட் க்ரோ. டைகர்கள் இரண்டில் நீலப் பட்டைகள் அகலமாக இருந்தால் முதலாவது, ஒடுங்கிக் கறுப்பு மிகுந்திருந்தால் இரண்டாவது. வழியில் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் இருந்தால் ஆண்கள் அங்கே கொத்தாகத் தொங்கும். அந்தச் செடிகளின் காரப்பொருளிலிருந்துதான் பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன.

அடுத்த முறை பார்த்தால் “நூற்றுக்கணக்கில்” என்று எழுதாமல் எண்ணிச் சொல்லுங்கள். சாலையில் இரண்டு மரங்களுக்கு நடுவே பத்து மீட்டரை அடையாளம் வைத்து, ஐந்து நிமிடத்தில் அதைக் கடப்பவற்றை எண்ணுங்கள். செல்போன் திசைகாட்டியில் போகும் திசை, நேரம், வெயிலா மேகமா என்று குறியுங்கள். எதிர்த்திசையில் போவதையும் தனியாக எண்ண வேண்டும், அதை விட்டுவிட்டால் கணக்குக்குப் பயனில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு எண்ணுங்கள்.

கல்லூரி செயல்முறைக்கு வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் வைக்கலாமா?
– விலங்கியல் மாணவி, ராணிப்பேட்டை

வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் பல வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. பிடித்த பிறகுதான் அது பட்டியலில் உள்ளதென்று தெரியவரும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். படத் தொகுப்பு போதும்: ஒவ்வொன்றுக்கும் மூடிய இறக்கையின் பக்கவாட்டுப் படம், விரித்த இறக்கை, தலை நெருக்கம் என்று மூன்று. காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் போங்கள், உடம்பு சூடேறும் வரை அவை உட்கார்ந்திருக்கும். உங்கள் நிழல் அதன் மேல் விழாத பக்கமாக, குனிந்து, நேர்கோட்டில் அல்லாமல் சாய்வாக நெருங்குங்கள். எந்தச் செடியில் எடுத்தது என்பதை அப்போதே எழுதிவிட வேண்டும். செடி தெரியாத படத்துக்குப் பாதி மதிப்புதான்.

வாசற்சுவரில் கூட்டுப்புழு ஒன்று, இடுப்பில் நூல் சுற்றி, தலையில் இரண்டு முனைகளோடு, பத்து நாளாக அசையாமல் இருக்கிறது. எந்தக் குடும்பம்? செத்துவிட்டதா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், போளூர்

இடுப்பில் பட்டு நூல் ஒன்று கச்சைபோல் சுற்றி, தலை மேல்பக்கமாக இருந்தால் அழகி அல்லது வெள்ளையன் (பியரிடே) குடும்பம். அழகிக்குத் தலையில் இரண்டு முனைகள், வெள்ளையனுக்குப் பெரும்பாலும் ஒரே கூர்முனை. கச்சை இல்லாமல் வால் நுனியில் மட்டும் தலைகீழாகத் தொங்கினால் நிம்ஃபாலிடே. குட்டையாக உருண்டு இலையோடு ஒட்டியிருந்தால் நீலன், சுருட்டிய இலைக்குள் இருந்தால் துள்ளி. நீங்கள் எழுதியபடி கச்சையும் இரட்டை முனையும் இருப்பதால் எலுமிச்சை அழகியோ மார்மனோதான், பக்கத்தில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருக்கும்.

பத்து நாள் என்பது பதற்றப்படும் அளவல்ல. எலுமிச்சை அழகிக்கு எட்டு நாளிலும் முடியும், இரண்டு மூன்று வாரமும் ஆகும். மெல்லத் தொட்டால் வயிற்றுப் பகுதி லேசாக அசைந்தால் உயிர் இருக்கிறது. வெளிவருவதற்கு முந்தைய நாள் ஓடு கண்ணாடிபோலாகி இறக்கை நிறம் உள்ளே தெரியும். அப்படியில்லாமல் ஓடு கறுத்து, அழுத்தினால் நீராகக் குழைந்தால் நோய். குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே இருந்தது ஒட்டுண்ணிக் குளவி, அது போய்விட்டது. கூட்டைக் கையால் பெயர்க்காதீர்கள். பெயர்ந்து விழுந்துவிட்டால் வால் நுனிப் பட்டோடு நூல் கட்டித் தொங்கவிட்டு, கீழே சொரசொரப்பான துணியும் சுற்றிலும் இறக்கை விரிய ஒரு கைப்பிடி இடமும் விடுங்கள். வெளிவந்ததும் பூச்சி தொங்கினால்தான் இறக்கை விரியும். தரையில் கிடந்தபடி காய்ந்துவிட்டால் அந்த மடிப்பு நிமிராது. வெளிவரும்போது சொட்டும் சிவப்புத் திரவம் ரத்தமல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.